மூன்று வார லீவு

எனக்கு வாய் ஜாஸ்தி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை; வாயில்லாமல் நடக்காது. மகள் வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போகிறேன் என்றதிலிருந்து வீட்டில் மட்டும் அந்த வாயைப் பூட்டிவிட்டேன். "போறவ போகட்டும், எனக்கென்ன!" அதோடு சரி. தூக்கம் போனது, நெஞ்சு அடைத்தது. 'இதயத்துல கோளாறு இல்லம்மா' என்று சொன்ன டாக்டர்தான் இந்த மனநல ஆலோசகரம்மாவிடம் அனுப்பிவைத்தார்.

அவர் மாத்திரை தரமாட்டார், புத்திமதியும் சொல்லமாட்டார். வாரம் ஒருநாள், அதே நேரம், அதே நாற்காலி. மனசில் தோன்றுவதைச் சொல்ல வேண்டும்.

"இதுக்குப் பேரு வைத்தியமா? பேச எனக்கு ஆளா இல்ல?" என்று முதல் நாளே கேட்டேன்.

"இந்தக் கோபம் முதமுதல்ல எங்கேருந்து வந்துச்சுன்னு சேர்ந்து தேடிப் பாக்கலாம்" என்றார். தேடுகிறார்களாம்! ஆனாலும் விடாமல் போனேன். நான் கத்தினாலும் அவர் முகம் சுளிக்கவில்லை, அது பிடித்திருந்தது.

மகள் கிளம்புவதற்கு முதல் நாள் போனபோது அவர் சொன்னார்: "அடுத்த வாரத்துலேருந்து மூணு வாரம் நான் லீவு. முன்னாடியே சொல்லியிருந்தேன், ஞாபகம் இருக்கா?"

"தாராளமா போங்க. நானும் இனிமே வரல."

சொல்லும்போதே என் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால் நான் மிதிப்பேன். இங்கே வெறும் தரை. அவர் பார்த்துவிட்டார்.

"எதை நிறுத்தப் பாத்தீங்க?"

"பழக்க தோஷம்."

"இருக்கலாம். நான் போறதுக்குள்ள நீங்க போயிடணும்னு தோணுதோ?"

"ஆமா, உங்களை நினைச்சு ஏங்கிக் கிடக்கறேன் பாருங்க!" என்று வெடித்தேன்.

அவர் அசையவில்லை. "இந்தக் கோபம் என்மேல மட்டும்னு எனக்குத் தோணல. முன்னாடி யாராவது உங்களை விட்டுட்டுப் போனாங்களா?"

ஒருத்தரும் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு. ஆறு வயதில் ஒரு காலை கண் விழித்தபோது பக்கத்தில் அம்மா இல்லை. நான் அழுவேன் என்று, தூங்கும்போதே தூரதேசத்து வேலைக்குப் போய்விட்டாள். திரும்பி வர இரண்டு வருடம் ஆனது. "எங்க பொண்ணு சமத்து, ஒரு சொட்டுக் கண்ணீர் விடலயே" என்று, என்னை வைத்துப் பார்த்துக்கொண்ட சித்தி எல்லாரிடமும் பெருமையடித்தாள். சமத்தாம், சமத்து! யார் என்னை அழ விட்டார்கள்? சொல்லச் சொல்ல, பெற்ற பிள்ளையை அனுப்பப்போகிற வயதில் ஓவென்று அழுதேன். அவர் கூடவே இருந்தார்.

வீட்டுக்கு வந்தால் மகள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். வழக்கமாக அந்த அறையைத் தாண்டிப் போய்விடுவேன். அன்று அவள் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"எத்தனை மணிக்குடி கிளம்புற?"

அவள் திருதிருவென்று விழித்தாள். "விடியறதுக்கு முன்னாடியே. ஃபிரெண்டோட அப்பா வண்டியில. நீ தூங்கும்போதே சத்தமில்லாம போயிடலாம்னு இருந்தேம்மா. எதுக்கு வீணா சண்டை?"

இதற்கு அவளைப் பழக்கியது நானேதான்.

"வேணாம்டி. என்னை எழுப்பிட்டுப் போ."

"அழுவியேம்மா?"

"அழுதா அழுதுட்டுப் போறேன்" என்றேன். "நீ எழுப்பு."