சொத்ரே வீட்டு முழுக்கைச் சட்டை

வியாழக்கிழமை காலை. உறைபெட்டியிலிருந்து எடுத்த எலியை மகள் ஜுசாரா வெந்நீர்க் கிண்ணத்தில் போட்டபோது, அமான்சியோ சொத்ரே காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். எலி இளகிச் சூடேறக் கால்மணி நேரம் ஆகும். அதற்குள் அவர் வாயைத் திறந்தாக வேண்டும்.

மூன்று தலைமுறையாக அந்த வீட்டுக் கொக்கோ கிடங்கில் எலி பிடிக்க ஒரு ஜிபோயா இருந்தது. விஷமில்லாத பாம்பு, ஆனாலும் கடிக்கும். சொத்ரே கையை மட்டும் கடிக்காது என்று இலியூஸ் நகரம் வரைக்கும் பேச்சு. கூடத்துச் சுவரில் அவருடைய அப்பா ஒனோராத்தோவின் படம் தொங்கியது. கழுத்தில் தொடைப் பருமனுக்குப் பாம்பு, மணிக்கட்டு வரை பொத்தானிட்ட முழுக்கைச் சட்டை. சொத்ரே ஆண்கள் சட்டைக் கையை மடிப்பதில்லை. அது மரியாதை என்று ஊர் நினைத்தது.

கொக்கோ மரங்களில் நோய் விழுந்து தோட்டம் போனது, கிடங்கும் போனது. பேச்சு மட்டும் மிஞ்சியது. அதற்காகவே ஜுசாரா, உரிமம் உள்ளவரிடம் எட்டு மாதப் பாம்பு ஒன்றை வாங்கிக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாள். மூடி அசைந்தாலே அது மடிந்து சுருண்டு, சீறி, கண்ணாடியில் முட்டும். அதன் காரத்தைப் பார்த்து மிளகாய் என்று பொருள்படப் பிமெந்தா எனப் பெயர் வைத்தாள்.

போன வியாழன் அதற்கு எலி கொடுத்துவிட்டு சால்வதோர் நகரத்துக்குப் போகும்போது பெட்டிமேல் ஒரு தாள் ஒட்டினாள். தின்ற பிறகு ஒரு வாரம் தொடக் கூடாது. கக்கினால் பதினைந்து நாள் பட்டினி போட வேண்டும். அதற்கு முன் ஊட்டி மறுபடி கக்கினால் பிழைக்காது. அமான்சியோ கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

ஞாயிறு பூசை முடிந்து பக்கத்துத் தோட்டத்து எவிலாசியோ வந்து உட்கார்ந்தார்.

"என்ன அமான்சியோ, உங்க வீட்டுப் பாம்பத் தூக்க இப்போ இரும்புக் கொக்கியாமே? உங்கப்பா இருந்திருந்தா அந்தக் கொக்கியால உன்னையில்ல தூக்கியிருப்பாரு."

"கொக்கி பொண்ணுக்கு. எனக்கெதுக்கு?"

"அப்போ எடுத்துக் காட்டேன். எனக்கொண்ணும் அவசரமில்ல."

மூன்று நாள் ஆயிற்றே, போதும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். வாழ்நாளில் முதல் தரமாகச் சட்டைக் கையை ஏற்றிவிட்டு, பருந்து இறங்குவதுபோல் மேலிருந்து கையை விட்டார். முழங்கைக்குக் கீழே அது கவ்வியது. அவர் முகம் கோணவில்லை. பல்லை விடுவித்து, சட்டைக் கையை இறக்கிப் பொத்தானிட்டு, அப்பாவைப்போல் பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பாம்பு ஒருமுறை நடுங்கி, வாய் பிளந்து, பாதி செரித்த எலியை அவருடைய வெள்ளைச் சட்டைமேல் கக்கியது.

எவிலாசியோ சிரித்திருந்தால் அமான்சியோ தாங்கியிருப்பார். அவரோ கைக்குட்டையை நீட்டிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

அமான்சியோ எலியைப் பலாமரத்தடியில் புதைத்தார். சட்டையைத் தானே துவைத்தார். செவ்வாயன்று மகள் வந்து, "எல்லாம் சரியாப்பா?" என்றபோது, "சரி" என்றார்.

புதன்கிழமை நடந்ததுதான் அவரைக் குத்தியது. ஒரு வாரம் ஆகப்போகிறதே என்று ஜுசாரா பெட்டியைத் திறந்தாள். இது கை, தீனி இல்லை என்று தெரிவதற்காகக் கொக்கியால் பாம்பின் முதுகை மெல்லத் தொட்டுவிட்டு, பக்கவாட்டில் பொறுமையாகக் கையை நீட்டினாள். பழக்கப் பழக்கப் போன மாதம் அவள் கையில் ஏறிய பாம்பு, இப்போது மூன்று தரம் பாய்ந்தது. அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"தாத்தாவுக்கு அந்தக் கை இருந்துச்சு. உங்களுக்கும் இருக்கு. எனக்குத்தான் வாய்க்கலப்பா."

"போகப் போக வரும்மா" என்றார். அந்த வார்த்தை வாயில் எலிபோல் நாறியது.

இப்போது அவள் எலியை வெந்நீரிலிருந்து எடுத்துத் துடைத்து, இடுக்கியில் பிடித்துக்கொண்டு மூடியில் கை வைத்தாள். பாம்பின் முதுகெலும்பு தோலைத் துருத்திக்கொண்டு தெரிந்தது.

"ஜுசாரா, எலியக் கீழ வை."

"ஏம்பா?"

"ஞாயித்துக்கிழமை அது கக்கிடுச்சு. நான்தான் எடுத்தேன். எவிலாசியோ முன்னாடி."

இடுக்கியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது.

"எழுதி ஒட்டியிருந்தேனே."

"படிச்சேன்."

"படிச்சிட்டுமா?"

"படிச்சிட்டுத்தான்."

"நேத்து நான் அழுதப்போகூட வாயத் தொறக்கல நீங்க."

"தொறக்கல."

மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றிச் சட்டைக் கையை ஏற்றினார். முழங்கைக்குக் கீழே பிறைபோல ஊசிப் புள்ளிகள், இரண்டில் சீழ். ஜுசாரா அதைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, சுவரில் இருந்த படத்தில் பொத்தானிட்ட கையைப் பார்த்தாள்.

"தாத்தாவுமா?"

"ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் தழும்பு. அவரு குளிக்கிறப்போ பாத்துட்டேன், ஒம்பது வயசுல. வெளிய சொல்லாதேன்னாரு. சொல்லல. அந்தக் கைன்னு ஒண்ணு யாருக்கும் இருந்ததில்லம்மா. நீ பண்றதுதான் சரி."

அவள் எலியைக் குப்பையில் போட்டாள். நாள்காட்டியில் ஞாயிறை வட்டமிட்டுப் பதினைந்து எண்ணி இன்னொரு வட்டம் போட்டாள். பெட்டியைத் துணியால் மூடினாள்.

"அது பொழைக்குமா?" என்று கேட்டார்.

"தெரியல. இனிமே நீங்க இந்த மூடியத் தொடாதீங்க. கையக் கழுவிட்டு வாங்க, மருந்து போடணும்."

அந்த வீட்டில் எதையும் தொடாதே என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. "சரிம்மா" என்றார்.

மருந்து போட்டதும் சட்டைக் கையை இறக்கத்தான் விரல்கள் போயின. சற்று யோசித்து, அதை முழங்கை வரை இரண்டு மடிப்பாக மடித்தார். மடித்துப் பழக்கமில்லாததால் கோணலாக நின்றது. வாசலுக்கு நாற்காலியைத் தூக்கிப்போய், எவிலாசியோ தினம் வருகிற பாதையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.