நூற்று நாற்பத்து மூன்று பிடரிகள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, தையல்காரி பல்பொடி போட்டுத் தேய்த்து வைத்த நூற்று நாற்பத்து மூன்று நாணயங்களிலும் இருந்த அரசர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடரியைக் காட்டினார்கள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இஸ்திரி போடாத துணியை ஒரு நாளும் வாடிக்கையாளர் கையில் கொடுக்காதவள் அவள். விற்கப்போகிற சாமானைப் பளபளவென்று கொண்டுபோவதுதான் முறை என்று நினைத்துவிட்டாள். பழைய நாணயத்துக்கு அதன் மேல் படிந்த கறுப்புதான் மதிப்பு என்பதை, லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அவள் கணவர் முப்பது வருடத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பூதக்கண்ணாடியும் கையுமாக நாணயங்களோடு பேசியதில் பாதி அவளோடு பேசியிருந்தால் தெரிந்திருக்கும். போன வருடம் அவர் போய்ச் சேர்ந்தபோது மிஞ்சியது, சம்பளத்தைப் போட்டு அவர் சேர்த்த நாணயங்கள் இருந்த அந்த மரப்பெட்டிதான்.

இருபத்திரண்டு வருடமாக அவள் வாடகைக்கு எடுத்துத் தைத்துவந்த அறையை உரிமையாளர் விற்கப்போவதாகச் சொல்லியிருந்தார். பக்கத்து மருந்துக்கடைக்காரர் அதைக் கிடங்காக்கக் கேட்டிருந்தார். மாதக் கடைசிக்குள் அவளே வாங்கிக்கொள்ளாவிட்டால் இயந்திரத்தோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். அதனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதலில் நாணயக் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, முகத்தைக் காட்டாதவர்களுக்கு விலை சொல்லித் தனக்குப் பழக்கமில்லை என்று வருத்தத்தோடு கைவிரித்தார். ஏல நிறுவனத்தின் படிவத்தில் இடப்பக்க முகம், வலப்பக்க முகம் என்று இரண்டே கட்டங்கள் இருந்தன. பிடரிக்குக் கட்டம் உண்டா என்று மூன்று அதிகாரிகள் சாப்பாட்டு நேரம் வரை பேசிவிட்டுப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொழுந்தன் வந்து, பேசாமல் உருக்கி எடைக்குப் போட்டுவிடலாம் என்றான். அதைக் கேட்ட பெட்டி தானாக நகர்ந்து கட்டிலுக்கடியில் போய்ச் சுவரோடு ஒண்டிக்கொண்டது. துடைப்பக் கட்டையால் நெம்பி வெளியே எடுக்க வேண்டியதாயிற்று.

அப்போதுதான் அவளுக்குப் பொறுமை போயிற்று. வெட்டு மேசையில் அத்தனையையும் பரப்பிவைத்தாள்.

"முப்பது வருஷமா உங்களாலதான் நான் ஒரு நல்ல செருப்புகூட வாங்கிக்கல. தேய்ச்சது தப்புதான், எனக்குத் தெரியாது. இந்த ரூமும் போச்சுன்னா எனக்குப் போக்கிடம் இல்ல. உங்களை எங்க விக்கிறது, எப்படி விக்கிறதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். நாடு போன நாளிலிருந்து அந்த அரசர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை.

மறுநாள் உரிமையாளர் அறையை அளக்க வந்தார். அவருடைய சொந்த வீட்டில் அவர் உள்ளே நுழைந்தால் யாரும் நீட்டிய காலை மடக்குவதில்லை. மருமகன் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவான். அளவு நாடாவை வைக்க இடம் தேடி அவர் மேசைப் பக்கம் குனிந்ததும், நூற்று நாற்பத்து மூன்று அரசர்களும் திரும்பி அவரைப் பார்த்து, கிரீடம் நழுவாமல் நிதானமாகத் தலை வணங்கினார்கள். அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இவங்க எல்லார்கிட்டயும் இப்படித்தானாம்மா?"

"இல்லைங்க. எனக்கே இதுவரைக்கும் முதுகுதான்."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பெட்டிக்கு என்ன விலை என்று கேட்டார். அவள் சுற்றிலும் நாலு சுவரையும் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை பத்திரம் அவள் பெயருக்குப் பதிவானது; பெட்டி அவர் வீட்டுக்குப் போயிற்று. தினமும் சவரம் முடிந்ததும் அதைத் திறந்து ஒரு சுற்று வணக்கம் வாங்கிக்கொள்கிறார். மூன்றே மாதத்தில் அவருடைய மார்பளவு இரண்டு அங்குலம் கூடிவிட்டது. சட்டைகளை எல்லாம் அவளிடம்தான் கொண்டுவருகிறார். பிரித்து, பக்கத்துக்கு ஓர் அங்குலம் விட்டு, தன் சொந்த அறையில் உட்கார்ந்து தைத்துக் கொடுக்கிறாள். கூலியில் ஒரு காசு குறைப்பதில்லை.