ரேவன்பெக் சரிவு

டாம்சின் ஹெப்டன் இரண்டாவது கேள்வியில் பாதிவரை நன்றாகத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். யார்க் நகரத்தில் சிக்னல் பொறியாளர்களுக்கான பரீட்சை அது. ஒரு ரயிலுக்குப் பின்னால் அடுத்தது எவ்வளவு நேரம் விட்டு வரலாம், அதற்குச் சிக்னல்களை எவ்வளவு தூரம் தள்ளித் தள்ளி நடவேண்டும் என்பது கேள்வி. அலுவலகத்தில் அவள் அன்றாடம் செய்கிற வேலைதான். மஞ்சள் விளக்கைக் கண்டு பிரேக் போடுகிற ரயில், சிவப்புக்கு முன்னால் நின்றாக வேண்டும். அந்தத் தூரத்தில் கைவைக்கக் கூடாது.

‘பாதை இறக்கத்தில் செல்கிறது’ என்று கடைசி வரியில் இருந்தது. இறக்கமென்றால் ரயில் நிற்க இன்னும் அதிக தூரம் வேண்டும். அதைக் கணக்கில் சேர்க்கப் போனவளின் கை அப்படியே நின்றுவிட்டது.

ரேவன்பெக் சரிவு. போன குளிர்காலத்தில் அவள் கணக்குப் போட்ட பாதை. அதன் வரைபடத்தைக் கடற்கரை முனையிலிருந்து வரைந்திருந்தார்கள். அதில் ஏற்றம் என்று இருந்ததை இவளும் ஏற்றமென்றே எடுத்துக்கொண்டாள். ஆனால் அந்தச் சிக்னல்களைப் பார்த்து ஓடும் ரயில்கள் கடலை நோக்கியல்லவா இறங்குகின்றன?

திருத்தினேனா? எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. திருத்தாவிட்டால் ரயில் சிவப்பைத் தாண்டித்தான் நிற்கும். அந்தச் சிக்னல்கள் இன்று காலைதான் இயங்கத் தொடங்கியிருந்தன.

எழுந்தாள். மேற்பார்வைக்கு இருந்த அம்மாள் ஓடிவந்தாள்.

“வெளிய போனா திரும்ப உள்ள விடமாட்டாங்க கண்ணு. உடம்பு சரியில்லையா?”

“ஒரு போன் பண்ணணும்.”

வெளியே வந்து மேலதிகாரி கிளைவ் ஆர்மரோடைக் கூப்பிட்டாள். அவர் ரக்பி மைதானத்தில் இருந்தார். பின்னால் ஒரே கூச்சல்.

“என்ன, அதுக்குள்ள முடிச்சிட்டியா? இல்ல ஓடியே வந்துட்டியா?”

சொன்னாள். 

“அந்தக் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது நான், தெரியுமில்ல?”

“தெரியும் கிளைவ்.”

“பரீட்சை பயத்துல எல்லாமே தப்பாத்தான் தெரியும். திங்கட்கிழமை உக்காந்து பாப்போம்.”

“அதுவரைக்கும் வண்டி ஓடுமே!”

“கத்திக் கூப்பாடு போட்டுட்டு, அப்புறம் தப்பே இல்லன்னா? நம்ம பொழப்பு சிரிப்பா சிரிச்சிடும்.”

அவர் சொல்வதை நம்பிவிட அவளுக்கு ஆசையாக இருந்தது. போனை வைத்துவிட்டு, ரயில்களை இயக்கும் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“நிச்சயமாத் தெரியுமா மேடம்?” என்றார் அங்கிருந்தவர்.

“தெரியாது. வரைபடம் கையில இல்ல. ஞாபகத்துலேர்ந்து சொல்றேன்.”

“ஞாபகத்துலேர்ந்தா?”

“வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்க. தப்பா இருந்தா என் பேரை எழுதிக்குங்க.”

“அதை எழுதிட்டேன். இப்ப ஒரு வண்டி சரிவுல எறங்கிட்டிருக்கு. எல்லாம் பச்சைதான் காட்டுது. அடுத்ததை மெதுவா விடச் சொல்றேன்.”

“அது போய்ச் சேர்ற வரைக்கும் போனை வைக்காதீங்க. தயவுசெஞ்சு.”

அவர் வைக்கவில்லை. மறுமுனையில் யாரோ தும்மினார்கள். டாம்சின் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள் அந்த ரயில் இறங்கிக்கொண்டே இருந்தது.

“போயிருச்சு மேடம்.”

சாயங்காலத்துக்குச் சற்று முன்னால், அவள் இன்னும் பரீட்சை அறை வாசலிலேயே இருந்தபோது, கிளைவ் கூப்பிட்டார். குரல் வறண்டிருந்தது.

“ஆபீஸ்ல இருக்கேன். நீ சொன்னது சரி. இறக்கத்தை ஏத்தம்னு எழுதியிருக்க. நானும் பாத்துட்டு விட்டுட்டேன்.”

“தூரம் எவ்வளவு குறையுது?”

“ஒரு முழு ரயில் நீளத்துக்கு மேல. காலைலேர்ந்து எந்த வண்டிக்கும் அங்க சிவப்பு விழல. இனி சிக்னலைத் தள்ளி நடற வரைக்கும் எல்லாம் மெதுவாத்தான் ஓடும்.” கொஞ்சம் நிறுத்தினார். “திங்கட்கிழமை பாக்கலாம்னு சொன்னேன் பாரு. அதையும் நானே விசாரிக்கறவங்ககிட்ட சொல்லிடறேன்.”

பரீட்சை அறைக் கதவு திறந்தது. பரீட்சை முடிந்து எல்லோரும் சளசளவென்று பேசிக்கொண்டே வெளியே வந்தார்கள். பக்கத்து மேசையில் எழுதிய இளைஞன் அவளிடம் வந்தான்.

“ரெண்டாவது கேள்விக்கு உங்களுக்கு என்னங்க வந்துச்சு?”

“நான் அதை முடிக்கல. நீங்க இறக்கத்தைச் சேர்த்தீங்களா?” என்று கேட்டாள்.