எலும்புக் குழி

ரப்பர் விலை விழுந்து, மலாயாவில் எங்கள் குளுவாங் தோட்டத்தில் பாதிப் பேரை ஊருக்குக் கப்பலேற்றிய வருஷம் அது. மிஞ்சின எங்களுக்குச் சிங்கப்பூர்க் காலேஜ் ஒன்று வேலை கொடுத்தது. மலைச்சரிவில் குழி வெட்டி, என்றைக்கோ செத்துக் கல்லாகிப்போன ராட்சசப் பல்லியின் எலும்பைத் தேடினார்கள். என் வீட்டுக்காரர் செல்லப்பன் குழிக்குள் மண் எடுப்பார். நான் கூடை சுமப்பேன்.

எலும்பு தட்டுப்பட்ட அன்றே மண்வெட்டிகளையெல்லாம் வாங்கித் தோட்டத்து ஸ்டோரில் பூட்டிவிட்டார்கள். வெட்டுப் பட்டால் எலும்பு உடைந்துவிடுமாம். அதற்கப்புறம் கரண்டியும் கையும்தான். செத்த பல்லிக்கு வந்த வாழ்வைப் பார் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் மழையில் குழியின் கரை சரிந்தது. என் வீட்டுக்காரர் உள்ளே இருந்தார்.

"மம்பட்டி கொண்டாங்க!" என்று அலறினேன். ஸ்டோருக்கு ஓடின ஆள் திரும்பக் காணோம். விரலால் தோண்டினோம். என் நகம் பிய்ந்தது. புருஷன் பேரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் நான். "செல்லப்பா! செல்லப்பா!" என்று கத்தினேன். சேற்றிலிருந்து ஒரு கை வெளிப்பட்டது. பிடித்தேன். அதுவும் என்னை இறுக்கிப் பிடித்தது.

இன்னும் தோண்டினால், பல்லியின் ஆள் நீளத் தொடையெலும்பு அவர் நெஞ்சுக்குக் குறுக்கே கிடந்தது. அதை உடைக்க மறு கையால் ஒரு கல்லைத் தூக்கினேன். காலேஜ் வாத்தியார் கனகசபை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டவர் இல்லை.

"பொறு பிள்ளை, உடைக்காதை. சுத்திவர மண்ணை எடுத்தால் முழுசாத் தூக்கலாம்."

"உள்ள உசுரு இருக்குங்கய்யா! கைய விடுங்க!"

"தெரியும் பிள்ளை. கொஞ்சம் பொறு."

அவரும் முட்டிபோட்டு மண்ணை அள்ளினார். படித்தவர் சொல்கிறாரே என்று மற்றவர்களும் அப்படியே அள்ளினார்கள். அள்ள அள்ளச் சேறு வழிந்து இறங்கியது. சேற்றுக்குள்ளிருந்து என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது.

"விடுறாருங்க! பிடிய விடுறாருங்க!"

அப்போதுதான் வாத்தியார் என் கையிலிருந்த கல்லைப் பிடுங்கினார். அவரே எலும்பை அடித்து நொறுக்கினார். என் வீட்டுக்காரரை இழுத்து வெளியே போட்டோம். வாய் நிறைய மண். மூச்சு இல்லை.

அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாத்தியார் எதிரில் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதார்.

"முந்தியே உடைச்சிருந்தால் தப்பியிருப்பாரோ, பிள்ளை?"

இல்லை என்று பொய் சொல்லித் தேற்றியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை.

"தப்பியிருப்பாருங்கய்யா" என்றேன்.