கணவாயில் கூடிய கூட்டம்

வெண்பனி உருகாத முகடுகளின்மேல் காலைக்கதிர் மெல்லப் படர, பள்ளத்தாக்கெங்கும் சாணப்புகை எழ, ஆட்டுமணியோசை பாறைதோறும் மோதித் திரும்பும் எங்கள் லெசோத்தோ மலைநாட்டில், குளிர்காலப் பொழுதொன்றில், செவிலி புலேங் தன் மட்டக்குதிரைமேல் ஏறித் தனியளாய்க் கணவாயை நோக்கிச் சென்றாள். கூட்டமொன்று இருக்கிறதென்று மருத்துவமனை வாயிலில் காத்திருந்தோரிடம் சொல்லியிருந்தாள். அது பொய்.

மூன்று வாரமாக ஓயாத இருமல். எழும்போதெல்லாம் வியர்வையில் நனைந்த உடை. இடுப்பில் நில்லாது நழுவும் பாவாடை. இது காசநோயென்று அவளுக்கு எவர் சொல்லவேண்டும், அறிவுடையீர்? “வெட்கப்படாம வந்து மருந்து வாங்குங்க, ஒரு நாள் விட்டாலும் உங்க வீட்டு வாசல்ல வந்து கத்துவேன்” என்று பதினோராண்டாக ஊரையே அதட்டியவள் அவள். செவிலிக்கே தொற்றியதென்றால் அந்த வாயிலை இனி எவர் மிதிப்பாரென்று அஞ்சி, மலைக்கு அப்பால் லினேயோ என்னும் செவிலியிடம் ஒளிந்து போகிறாள். என்ன சொல்ல! ஊரார் கையையெல்லாம் பிடித்துப் பார்த்தவளின் கையைப் பிடித்துப் பார்க்க அவ்வூரில் ஒருவருமில்லை.

கணவாயின் உச்சியில் எதிரே ஒரு குதிரை வந்தது. அதன்மேல் லினேயோவே இருந்தாள்.

“எங்க கிளம்பிட்ட, இந்தக் குளிர்ல?” என்றாள் லினேயோ.

“உங்க ஊருக்குத்தான். ஏதோ கூட்டமாம்.”

லினேயோ சிரிக்கவில்லை. “உங்க ஊர்ல கூட்டம்னு சொல்லிட்டு நான் வந்திருக்கேன்டி.”

புலேங்குக்கு இருமல் பொத்துக்கொண்டு வந்தது. அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னாள். லினேயோவும் தன் மார்பில் ஒரு கட்டி தென்படுவதையும், தன் விரலைத் தானே நம்பமுடியாமல் வேறொரு விரலைத் தேடி வந்ததையும் சொன்னாள். பாறை மறைவில் அவள் கட்டியைத் தொட்டுப் பார்த்த புலேங், நகரத்து மருத்துவமனைக்குத் தானும் உடன்வருவதாகச் சொன்னாள். பின்னர் லினேயோ நெஞ்சொலி கேட்கும் குழலைப் புலேங்கின் கம்பளிக்குள் நுழைத்து முதுகில் வைத்தாள்.

“மூச்ச நல்லா இழு. விடு.”

பல்லாயிரவர்க்குத் தான் சொன்ன அச்சொல்லைத் தன்னை நோக்கி ஒருவர் சொல்ல, பதினோராண்டில் அன்றுதான் கேட்டாள். கேட்டதும் வாய்விட்டு அழுதாள்.

சளியை உன் மருத்துவமனையிலேயே எடுத்துச் சோதிப்போம், குதிரையைத் திருப்பு என்றாள் லினேயோ. அங்கே வேண்டாமென்று புலேங் மன்றாடினாள். அப்படியானால் ஊராருக்கு நீ சொன்னதெல்லாம் என்ன என்று லினேயோ கேட்க, புலேங் குதிரையைத் திருப்பினாள்.

பிற்பகலில் லினேயோ உள்ளே அமர்ந்து பெயர் பெயராய் அழைக்க, புலேங் வாயைத் துணியால் மூடிக்கொண்டு வரிசையின் கடைசியில், தன் மருத்துவமனையின் விசுப்பலகையிலேயே அமர்ந்தாள். அருகிலிருந்த இருவர் எழுந்து போயினர். அந்த வெற்றிடத்தைப்போல் அவளை வேறெதுவும் சுட்டதில்லை. அப்போது, மருந்தை மும்முறை பாதியில் விட்டு அவளிடம் திட்டு வாங்கிய ஆட்டிடையர் மோலெஃபி நகர்ந்து வந்து அவ்விடத்தில் அமர்ந்தார்.

“ஆறு மாசம் மருந்து, நர்ஸம்மா. ஒரு நாள் விட்டாலும் உங்க வீட்டு வாசல்ல வந்து கத்துவேன்.”

சளிச் சோதனை காசநோயை உறுதி செய்தது. லினேயோவின் கட்டி தீங்கற்றதென்று நகரத்து மருத்துவர் சொன்னபோது, புலேங் அவள் கையைப் பிடித்திருந்தாள். மோலெஃபியோ, அவள் ஒரு நாளும் மருந்தை விடாதபோதும், ஆறு திங்களும் விடிந்ததும் அவள் வீட்டு வாயிலில் வந்து நின்று, ஊர் கேட்கக் கத்திவிட்டே ஆடு மேய்க்கப் போனார்.