பொற்கொடியின் பிரேக்

பொற்கொடியின் ஸ்கூட்டரை நான் ஓட்டத் தொடங்கிய பிறகு துடியலூரில் வேகத்தடைகளுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. எனக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பேருந்து மேட்டுப்பாளையம் போய்ச் சேர்வதற்குள், அதில் ஏறியிருந்த கைக்குழந்தைக்கு மீசை முளைத்துவிட்டதாக ஒரு கண்டக்டர் சொன்னார். சொன்னார் என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன்.

பின் இருக்கையில் என் மனைவி பொற்கொடி, மடியில் எண்ணெய் கேனோடு உட்கார்ந்திருப்பாள். காங்கேயத்தில் அவள் அண்ணன் ராசப்பனுக்குத் தேங்காய் எண்ணெய் ஆலை இருக்கிறது. அவர் பஸ்ஸில் போட்டுவிடும் கேன்களை எடுத்து வந்து வீடு வீடாகக் கொடுப்பது இவளுடைய வியாபாரம். யார் வீட்டில் எண்ணெய் தீரப்போகிறது என்பது அந்த வீட்டுக்காரிக்கு முன்னால் இவளுக்குத் தெரியும். நான் பார்த்த வரையில் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே இவளைவிட வேகமாக ஸ்கூட்டர் ஓட்டியது காற்று ஒன்றுதான், அதுவும் ஆடி மாதத்தில் மட்டும்.

அப்படிப்பட்டவள் பங்குனியில் ஒரு மணல் திருப்பத்தில் சறுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு ஒடிந்தது. கட்டுப் பிரித்தபோது எலும்பு நன்றாகச் சேர்ந்திருந்தது, விரல்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதி மடங்கி அப்படியே நின்றுவிட்டன. பிரேக் பிடிக்க அது போதாது.

பிசியோதெரபி பார்க்கும் ரிஃபத் தெளிவாகச் சொல்லிவிட்டாள். தினமும் ஒத்தடம் கொடுக்க வேண்டும், விரலை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும், மழைக்காலம் பிடிப்பதற்குள் மடங்காவிட்டால் விறைப்பு அங்கேயே குடியேறிவிடும். பிசைவதற்கு மஞ்சள் நிறத்தில் ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தாள். பொற்கொடி அதைக் கொஞ்ச நாள் பிசைந்துவிட்டுப் பக்கத்து வீட்டு நாய்க்குக் கொடுத்துவிட்டாள். நாயின் தாடை இப்போது இரும்பு மாதிரி இருக்கிறது.

விரல் மடங்காவிட்டால் ஸ்கூட்டர் கிடையாது. ஸ்கூட்டர் இல்லாவிட்டால் ஆயுளுக்கும் என் பின் இருக்கைதான். அதைப் பற்றி அவள் கருத்து ஒளிவுமறைவு இல்லாதது.

"உங்க பின்னாடி உக்காந்து போறதுக்கு, கேனைத் தலையில வெச்சுக்கிட்டு நான் நடந்தே போயிருவனுங்க."

எங்கள் மகள் கயல்விழி பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது, கையடக்கமான ஒரு கேம் பெட்டியைக் கொண்டுவந்தாள். மலிவான சாமான். நடுவில் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள். அதில் ஒரு கார் பந்தயம் இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் கார் ஓடும். பெட்டியின் வலது தோளில் ஒரு நீளப் பொத்தான், அதை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து வளைத்து அழுத்தினால் பிரேக். பொற்கொடி சும்மா எடுத்துப் பார்த்தவள் மூன்று கார்களை முந்தி, ஒரு மலையைச் சுற்றி, கடைசியில் கடலுக்குள் விழுந்தாள். விழுந்ததை அவள் கவனித்தாள். நாங்கள் அவள் விரலைத்தான் கவனித்தோம். யாரும் சொல்லாமல், ஒத்தடம் இல்லாமல், அது தானாக வளைந்திருந்தது.

ஆனால் அந்தப் பந்தயம் இந்தப் பெட்டிக்காகச் செய்யப்பட்டதில்லை. டிவியில் மாட்டி விளையாடும் ஒரு பழைய கன்சோலுக்காகச் செய்யப்பட்டது. அந்தக் கன்சோலாக இந்தப் பெட்டியை நடிக்கவைக்க எமுலேட்டர் என்று ஒரு புரோகிராம் வேண்டும். பழைய சிப்பின் பாஷையைப் புதிய சிப்புக்குச் சொல்லும் துபாஷி என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டியோடு வந்த துபாஷி பெரிய சோம்பேறி. இவள் பிரேக்கை அழுத்தினால், அந்தச் செய்தி காருக்குப் போய்ச் சேரும்போது கார் சுவருக்குள் இருக்கும்.

"நான் புடிச்சதுக்கப்புறம் உக்காந்து ரோசனை பண்ணித்தானுங்க நிக்குது. உங்களாட்டவே" என்று பெட்டியை வைத்துவிட்டாள். விரலும் அத்தோடு நின்றது.

இப்படியொரு சந்தர்ப்பத்துக்காகத்தான் நான் ஓய்வு பெற்றிருந்தேன். வேலையில் இருந்த காலமெல்லாம் பம்ப்செட் கம்பெனியில் கண்ட்ரோல் போர்டுகளுக்குப் புரோகிராம் எழுதியவன் நான். ஒரு கொசு உட்கார இடமில்லாத சிப்பில் முழுக் கிணற்றையும் அடக்கியிருக்கிறேன். விடை கொடுத்தபோது கம்பெனியில் ஒரு சுவர்க் கடிகாரம் தந்தார்கள். வீட்டுக்கு வந்த வாரமே அதைத் திறந்து சீர்செய்தேன். அன்று முதல் எங்கள் வீடு மற்ற தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. மிக்ஸி, காலிங்பெல், எதிர்வீட்டு கேட் என்று என் கை படாத பொருள் எதுவும் அந்த வீதியில் இல்லை, பட்டதெல்லாம் ஒழுங்காக ஓடியது என்று நான் சொல்லமாட்டேன். பொற்கொடி திருப்புளிகளை அரிசி டிரம்மில் ஒளித்துவைப்பாள்.

சோதனைக்காக அதே மாதிரி இன்னொரு பெட்டி வாங்கிக்கொண்டு, நானே ஒரு எமுலேட்டர் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது ஒரு பேச்சுக்கு. நாற்காலியைவிடக் கூடத்தில்தான் அதிக நேரம் இருந்தேன். நடந்த நடைக்கு நேராகப் போயிருந்தால் ஊட்டியில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பியிருப்பேன். பழைய துபாஷி ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தாலும் ஒவ்வொரு தடவையும் புதிதாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான். என்னுடையவன் ஒருமுறை மொழிபெயர்த்ததை வைத்துக்கொள்வான், மறுபடி வந்தால் அதையே எடுத்து நீட்டுவான். மெனுவையும் நல்ல தமிழில் எழுதினேன். தொடர்க, நிறுத்துக, வெளியேறு.

என் பெட்டியில் போட்டுப் பார்த்தேன். கார் திரையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, சமையலறை வரை போய்த் திரும்பியது. பொற்கொடியின் பெட்டியிலும் ஏற்றிக் கொடுத்தேன். காலையில் அவள் விளையாடியபோது கார் பறந்தது, பிரேக் பிடித்த இடத்தில் நின்றது. விரல் முந்தைய நாளைவிட ஒரு நெல் அளவு அதிகமாக மடங்கியது. அவள் சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பைத் துடியலூர் முழுக்கச் சொல்லிவிட்டு வீடு திரும்பினால், மதியம் விளையாடியவள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தாள்.

கார் மறுபடி தடுமாறுகிறதாம். பெட்டியை வாங்கி, அணைத்து, புரோகிராமில் இரண்டு இடத்தைத் திருத்தி, மீண்டும் ஏற்றினேன். என் கையில் நன்றாக ஓடியது. மறுநாள் காலை அவள் கையிலும் நன்றாக ஓடியது. மதியம் மறுபடி நொண்டியது.

அதன்பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பந்தயத்தை வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தைப் பாதியாக்கினேன். மேகங்களை நிறுத்திவைத்தேன். கடலில் அலையைக் குறைத்தேன். சோற்றுக்கு ரசத்தை ஊற்றிவிட்டு மோர் கலக்கியதாகச் சொல்கிறாள், அது பொய், மோருக்குத்தான் ரசம் ஊற்றினேன். அவள் பெட்டியைக் கீழே வைத்தால் போதும், பாய்ந்து எடுத்துப் புதிய பதிப்பை ஏற்றிவிடுவேன். அவள் பாதியில் நிறுத்தியிருந்த பந்தயம் அதோடு போய்விடும். பல தடவை திட்டினாள். நான் கேட்கவில்லை. பிறகு ஒரு நாளிலிருந்து பெட்டியே கண்ணில் படவில்லை. விளையாடும்போது அவள் கையில் இருக்கும், மற்ற நேரத்தில் பூமி விழுங்கிவிடும். அரிசி டிரம்மில் என் திருப்புளிகள்தான் கிடைத்தன.

ரிஃபத்திடம் காட்டப் போனோம். பரவாயில்லை, முன்னேற்றம் இருக்கிறது, ஆனால் கடைசி மடக்கு இன்னும் வரவில்லை, நாளும் அதிகமில்லை என்றாள். வரும் வழியில் பொற்கொடி பின்னால் இருந்து என்னை வேகமாகப் போகச் சொல்லக்கூட இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கயல்விழிக்குப் போன் போட்டு, என் பெட்டியில் காலை, மதியம், சாயங்காலம் எப்போதும் ஓடுகிறது, அம்மா பெட்டியில் காலையில் மட்டும்தான் ஓடுகிறது, சிப் செய்தவனே திருடன் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஒண்ணே ஒண்ணு செய்யுங்கப்பா. எதையும் தொடாம, சித்த நேரம் சும்மா உக்காந்து, அம்மா என்ன பண்றாங்கன்னு பாருங்க."

சும்மா உட்காரும் விஷயம் எனக்கு எழுதப்பட்டதில்லை. மறுநாள் முற்பகல் முயன்றேன். நாற்காலி என்னைக் கீழே தள்ளிவிட்டது. பொற்கொடி கொப்பரை காயவைக்க மாடிக்குப் போயிருந்தாள். காலை இட்லியில் ஒன்றிரண்டாவது மிச்சம் இருக்கும் என்று சமையலறைக்குப் போய் ஹாட் பாக்ஸைத் திறந்தேன்.

உள்ளே இட்லித் துணி விரித்திருந்தது. அதன்மேல் கேம் பெட்டி, திரை எரிந்தபடி இருந்தது. மலைப்பாதையில் அவள் கார் நின்றுகொண்டிருந்தது, மேலே "நிறுத்தம்" என்று என் எழுத்து. எடுத்தேன், அப்படியே கீழே விட்டேன். அதன்மேல் தோசை வார்க்கலாம் போலிருந்தது.

சூடேறிய சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ராத்திரியில் சார்ஜ் தீர்ந்து தானே அணைந்துவிடுவதால் காலையில் குளிர்ந்திருக்கும், சார்ஜ் போட்டதும் ஓடும். மதியம் ஹாட் பாக்ஸிலிருந்து எடுத்தால் நொண்டும். அது புரிந்தது. நின்றுபோன ஆட்டம் எதற்காக இப்படிக் கொதிக்க வேண்டும்? அதுவும் ஒரு நொடியில் புரிந்தது. எழுதியவன் நான் அல்லவா. பம்ப் போர்டு தூங்கினால் கிணறு வற்றியது தெரியாமல் மோட்டார் கருகிவிடும், அதனால் என் புரோகிராம்கள் ஒருநாளும் தூங்கியதில்லை. இதுவும் ஆட்டத்தை நிறுத்திய பிறகு, பொத்தானை அழுத்தினாயா, அழுத்தினாயா, அழுத்தினாயா என்று நொடிக்குக் கோடித் தடவை கேட்டுக்கொண்டு, ஹாட் பாக்ஸுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தது. அச்சு அசலாக என்னைப் போலவே.

பொற்கொடி கூடையோடு இறங்கி வந்தாள். இதை எதற்கு இங்கே வைத்தாய் அம்மணி என்று கேட்டேன்.

"உங்க கைக்குச் சிக்காம ஒளிச்சு வெச்சனுங்க" என்றாள், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "எடுத்துப் பார்த்தா கதகதன்னு இருந்துச்சு. வெரலுக்கு எதமா இருக்கவும், ஒத்தடத்துக்கும் ஆச்சு, வெளையாட்டுக்கும் ஆச்சுன்னு அப்படியே வெச்சுப்போட்டேன்."

பேட்டரி உப்பி வெடித்தால் வீட்டுக் கூரை காரமடையில் போய் இறங்கியிருக்கும் என்று விளக்கினேன். ஆட்டத்தை முடித்து, வெளியேறிவிட்டு வைத்திருக்கலாமே என்றும் கேட்டேன். அப்போதுதான் அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

"அதென்னங்க வெளியேறு? ஊட்டுக்கு வந்த கொசுவைக்கூட நாம அப்படிச் சொல்லமாட்டோம். யாராச்சும் கெளம்பினா போயிட்டு வாரேன்னு சொல்லித்தான் கெளம்புவாங்க. நீங்க என்னடான்னா கழுத்தைப் புடிச்சுத் தள்ளறாப்பல எழுதி வெச்சிருக்கறீங்க. அதை என்ற கையால ஒருநாளும் அமுத்தலீங்க, அமுத்தவும் மாட்டேன்."

முதல் நாளிலிருந்து ஒருமுறைகூட அவள் ஆட்டத்தை முடித்ததே இல்லை. நிறுத்தி, மூடிவைத்து, மறுபடி எடுத்து விளையாடியிருக்கிறாள். ஒளித்துவைப்பதற்கு முன்னாலும் அது அப்படித்தான் மதியத்துக்குள் சூடேறியிருக்கிறது, என் பெட்டியை நான் ஒவ்வொரு தடவையும் வெளியேறி அணைத்துவிடுவதால் அது நொண்டவில்லை. நான் கூட்டத்தைக் குறைத்தேன், மேகத்தை நிறுத்தினேன், கடலை வற்றடித்தேன். வேண்டியிருந்ததோ ஒரே ஒரு வரி. ஆட்டம் நின்றால், அடுத்த பொத்தான் வரும்வரை சும்மா இரு. அந்த வரியை எழுத எனக்கு ஒரு சாயங்காலம் முழுதும் பிடித்தது. கை வரவில்லை.

மேகங்களையும் கூட்டத்தையும் திரும்ப வரவழைத்தேன். மெனுவில் கடைசி வரியை மாற்றினேன். புதிய பதிப்பை, அவளிடம் கேட்டு, அவளே பெட்டியைக் கையில் கொடுத்த பிறகுதான் ஏற்றினேன், அதுவும் அவள் பந்தயம் முடிந்த பிறகு.

மதியமும் கார் பறந்தது. ஆனால் பெட்டி ஜில்லென்று இருக்கிறது, விரல் இணங்கமாட்டேன் என்கிறது என்று குறை சொன்னாள். அதற்கு அவளே வழி கண்டுபிடித்தாள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை ஹாட் பாக்ஸில் போட்டு வைத்தாள். ஆட்டத்துக்கு முன்னால் கையை அதில் சுற்றிக்கொண்டு உட்காருவாள், பிறகு மலையேறுவாள். தினமும் ஏறினாள். பெட்டியின் தோளில் அந்தப் பொத்தானின் பூச்சு தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. கடலில் விழுவது குறைந்தது. விரலின் கடைசி மடக்கு எந்த நாளில் வந்தது என்று தெரியாது, ஒரு நாள் சட்டினிக் கிண்ணத்தை அவள் வலது கையால் எடுத்து வைத்ததை இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கவனித்தோம். ரிஃபத் கையைப் பிடித்து முறுக்கிப் பார்த்துவிட்டு, முதலில் பக்கத்திலேயே ஓட்டிப் பாருங்கம்மா என்றாள்.

அந்த வாரம் ராசப்பனின் கேன்கள் வந்து இறங்கின. நான் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். பொற்கொடி உள்ளே ஒரு பந்தயத்தை முடித்து, மெனுவைத் திறந்து, கடைசி வரியில் வந்து நின்றாள். "போயிட்டு வாரேனுங்க" என்று இருந்தது. அதை அழுத்தினாள். பெட்டி அணைந்தது. வெளியே வந்து என் முன்னால் கையை நீட்டினாள்.

சாவியைக் கொடுத்தேன். கேனை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினேன்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் திரும்பியதும் ஒரு ஆடு குறுக்கே வந்தது. யானை அளவு ஆடு. பொற்கொடியின் இரண்டு விரல்களும் பிரேக்கைச் சுற்றி மடங்கின. வண்டி சொன்ன இடத்தில் நின்றது. என் மூக்குத்தான் அவள் ஹெல்மெட்டில் போய் முட்டியது. ஆடு எங்களை நிதானமாகப் பார்த்துவிட்டுக் கடந்து போனது. அவள் கையை விரித்து, மறுபடி மடக்கி, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெதுவாகப் போகலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். என் கால் ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தது, கை கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தது.

"சித்த சும்மா உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். பின்னால் வந்த பேருந்து எங்களை முந்தப் பார்த்து ஹாரன் அடித்தது. அவள் ஆக்சிலேட்டரைத் திருகினாள், கொஞ்ச தூரத்தில் அந்தச் சத்தமும் கேட்கவில்லை.