பிந்தி விழுந்த அடி

"ஊரிலை எவடம் தம்பி?" என்று அக்கா கேட்டபோது நாங்கள் மூவரும் ஸ்ட்ரீட்கார் எனும் ட்ராம் வண்டியை விட்டிறங்கி, ஏரிக்கரை மணலில் நடந்துகொண்டிருந்தோம்.

"சாவகச்சேரிப் பக்கம் அக்கா," என்றார் பத்மநாதன்.

"பக்கமெண்டால்?"

எவடம் என்று தொடங்கும் கேள்வி சாதியில்தான் போய் நிற்கும். நான் ஏரியைப் பார்த்தேன். பத்மநாதன் என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்பவர். அவரைப் பார்த்து எங்கள் கலியாணத்துக்கு அக்கா ஓமென்றால்தான் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்குக் கடிதம் போகும். ரொறன்ரோவில் தமிழ்ச் சனத்தின் கண் படாத இடமென்று இந்த பீச்சைத் தெரிந்தெடுத்தவள் நான்தான். ஞாயிறு பொழுதுபடும் நேரத்தில் இங்கே சனம் வட்டமாக இருந்து மேளம் அடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. பத்மநாதனின் அப்பா செத்தவீடுகளுக்குப் பறை அடித்தவர். பதினெட்டு வயது வரை இவரும் கூடப் போய் அடித்திருக்கிறார். அதை அவர் சொன்ன அன்று, எனக்கு அது ஒரு பொருட்டல்ல என்றேன். அக்காவிடம் இப்போதைக்குச் சொல்லவேண்டாம் என்றும் சொன்னேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதை அவர் கவனித்திருப்பார்.

வட்டத்தில் இருபது பேர் வரை இருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வாளியைக் கவிழ்த்து வைத்து அடித்தார். தலைமயிரைச் சடைசடையாகத் திரித்த பெண்ணொருத்தி எழுந்து வந்து, இடை ஒடுங்கிய ஒரு மேளத்தைப் பத்மநாதனின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அக்காவின் கேள்வி அப்படியே நின்றுபோனது.

"அடியுங்கோவன் தம்பி. வெள்ளையளே வெக்கமில்லாமல் அடிக்குதுகள்."

"எனக்கு உது வராது அக்கா."

"அதுகளுக்கு மட்டும் வருதே? உந்தக் கிழவர் வாளியைக் கொல்லுறார்."

பத்மநாதன் என்னைப் பார்த்தார். தெரிந்ததைக் காட்டவேண்டாம் என்று கண்ணால் சொன்னேன். அவர் வட்டத்தில் போய் இருந்து அடிக்கத் தொடங்கினார். எல்லா அடியும் பிழைத்தது. அக்கா வாயைப் பொத்திச் சிரித்தாள்.

நான் பௌதிகம் படித்தவள். ஆய்வுகூடத்தில் எங்களுக்கு முதலில் சொல்லித்தந்தது வழுக்களை, அளவெடுப்பில் வரும் பிழைகளைப் பற்றி. தெரியாதவரின் வழு சிதறும். ஒருதரம் முந்தும், ஒருதரம் பிந்தும். கிழவரின் வாளி அப்படித்தான். பத்மநாதனின் அடி ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு பிந்தி விழுந்தது. அவ்வளவு ஒழுங்காகப் பிழைவிட, சரியான இடம் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அவருடைய நெற்றி வியர்த்திருந்தது.

"பாவம், தாளமே இல்லை," என்று அக்கா என் காதுக்குள் சொன்னாள். "ஆனால் சொன்னாக் கேக்கிற ஆள். உன்னை மாதிரி வாய் திறக்காதவளுக்கு உவர்தான் சரி. அம்மாவுக்கு நான் எழுதிறன்."

மாதக்கணக்காக நான் காத்திருந்த சொல். சந்தோஷம் உடனே வந்தது. அது வந்த வேகம்தான் வெட்கமாக இருந்தது. இனி எங்கள் கலியாணவீட்டிலும், பிறகு பிள்ளைகளுக்கு முன்னாலும் அவர் தாளம் தெரியாதவராகவே இருக்கவேண்டும்.

தெரியாத ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க நடந்துபோவதென்றால் எனக்குக் கால் கூசும். போனேன். அவருக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன்.

"சரியா அடியுங்கோ."

"அக்கா நிக்கிறா."

"அவவும் கேக்கட்டும்."

அவருடைய கைகள் நின்றன. மற்றவர்களின் சத்தம் எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. சூரியன் நகரத்துக் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. தண்ணீரில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். அக்கா, சிரிப்பு இன்னும் முகத்தில் இருக்க, எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். அவர் உள்ளங்கைகளைக் காற்சட்டையில் துடைத்து, மேளத்தைச் சற்றே சரித்து, வலது கையை உயர்த்தினார்.